காந்த ஊசி படுத்துக்கிடக்கும் ஊர்: மதுரையிலிருந்து மன்னவனூர் வரை

புதன், கீழக்குயில்குடி

2024 மே 10 இரவு லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்தது. அங்கே 4,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் வானாய்வகத்தின் கேமராக்களில் வடக்கு அடிவானம் முழுக்க ரத்தச் சிவப்பாகத் துருவ ஒளி, அதாவது அரோரா. சூரியனிலிருந்து கிளம்பி, 2003-க்குப் பிறகு பூமியைத் தாக்கிய மிகக் கடுமையான காந்தப்புயல் அதற்குக் காரணம். அந்தப் படத்தைப் பார்த்த நாள் முதல் அண்ணன் மகள் மகா ஒரே கேள்வியில் நிற்கிறாள்: "அத்தை, லடாக் வரைக்கும் வந்துச்சே, மதுரைக்கு ஏன் வரல?"

கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இதைக் கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு விளக்க முடியும். ஆனால் இந்தக் கேள்விக்கான விடையில் பாதி நம் தலைக்கு மேலேயும் மீதிப் பாதி பழனி மலைத்தொடரின் மேலே கொடைக்கானலிலும் இருக்கிறது. அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை பங்குனி அமாவாசை. போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்புகிறோம்.

கிளம்புமுன் இன்று மாலை சமணர் மலை அடிவாரத்தில் ஒரு சோதனை. தாமரைக் குளத்துக் கரையில் அய்யனார் கோயில் ஆலமர நிழல், காற்றே இல்லை. தையல் ஊசி ஒன்றைப் பட்டு நூலில் நடுவாகக் கட்டி, ஒரு பொட்டு மெழுகு ஒட்டி, தராசு முள் மாதிரி மட்டமாக நிற்க வைத்தோம். பிறகு அதைக் காந்தத்தில் ஒரே திசையில் பலமுறை தேய்த்து மறுபடி தொங்கவிட்டோம். வடக்கும் தெற்குமாகத் திரும்பிக்கொண்டது. சாய்வு என்று சொல்ல எதுவும் இல்லை. உற்றுப் பார்த்தால் வடமுனை ஒரு துளி இறங்கியிருப்பது போலத் தெரிந்தது, அவ்வளவுதான்.

இதே ஊசியை டில்லியில் தொங்கவிட்டால் நாற்பது பாகைக்கும் மேல் தலை கவிழும். நார்வேயின் டிரோம்சோவில் ஏறக்குறைய செங்குத்தாகவே நின்றுவிடும். பூமியின் காந்தக் கோடு ஓர் ஊரில் எப்படிக் கிடக்கிறதோ, ஊசியும் அப்படித்தான் கிடக்கும். துருவத்தை ஒட்டி அந்தக் கோடுகள் மண்ணுக்குள் இறங்குகின்றன. நம் தென்கோடியில் அவை தரைக்கு இணையாக வடக்கே ஓடுகின்றன.

மகாவின் கேள்விக்கு முதல் விடை அதிலேயே இருக்கிறது. துருவ ஒளியை உண்டாக்குபவை எலக்ட்ரான்கள். காந்தக் கோட்டைக் குறுக்கே கடப்பது அவற்றுக்குப் பெரும்பாடு. கோட்டைச் சுற்றிச் சுருண்டபடி கோட்டு வழியேதான் வரும். கோடு இறங்கும் இடத்தில் அவையும் இறங்கி, காற்றில் மோதி, அணுக்களைத் தூண்டுகின்றன. நூறு முதல் நூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் அணு 557.7 நானோமீட்டர் அலைநீளத்தில் பச்சையாக ஒளிர்கிறது. இருநூறுக்கு மேலே அதே ஆக்சிஜன் 630 நானோமீட்டரில் சிவப்பு. ஹான்லேயில் தெரிந்தது இந்த இரண்டாவது வகைச் சிவப்பு. மிக உயரத்தில் எரிந்ததால்தான் அவ்வளவு தெற்கிலிருந்தும் எட்டிப் பார்க்க முடிந்தது. கோடு படுத்தே கிடக்கும் மதுரைக்கு மேலே அந்த எலக்ட்ரான்கள் இறங்கி வர வழியே இல்லை.

"அப்ப நம்ம வானத்துல ஒண்ணுமே நடக்காதா?" என்றாள். நடக்கிறது. கோடு படுத்துக் கிடப்பதாலேயே உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்று நடக்கிறது. அதை நாளைக்கு எழுதுகிறேன்.

வியாழன், வத்தலக்குண்டு வழியாக மேலே

ஆரப்பாளையத்தில் காலை பேருந்து. பேருந்தில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கெடுபிடி இல்லை. நிலக்கோட்டை தாண்டியதும் பூ மூட்டைகள் ஏறின, வண்டி முழுக்க மல்லிகை வாசம். வத்தலக்குண்டில் ஒரு காபி. மலைப்பாதை தொடங்கியதும் வெயில் பின்னால் நின்றுவிட்டது. டம்டம் பாறை வளைவில் மஞ்சளாறு அணை பளிச்சென்று தெரிந்தது. வழியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, இந்த மலைப்பாதையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள்.

நண்பகல் வாக்கில் பெருமாள்மலைக்குப் பக்கத்தில் வண்டி கொஞ்ச நேரம் நின்றது. சூரியன் நேர் உச்சியில். அந்த நேரத்தில் எங்கள் தலைக்கு மேலே சுமார் 105 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு பெரும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருந்தது. நடுக்கோட்டு மின்தாரை என்பார்கள். 1951-ல் அதற்குப் பெயர் வைத்தவர் பிரிட்டிஷ் அறிவியலாளர் சிட்னி சாப்மன். காந்தக் கோடு முழுக்கப் படுத்துக் கிடக்கும் இடங்களை இணைத்தால் வருவது காந்த நடுக்கோடு. அதற்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் அகலம்தான். பூமியைச் சுற்றி ஒரு பட்டை மாதிரி பகலில் மட்டும் ஓடுகிறது. பெருவில் ஹுவான்காயோ, எத்தியோப்பியாவில் அடிஸ் அபாபா, இங்கே நம் தென்தமிழகமும் கேரளமும். மதுரை, கொடைக்கானல், திருநெல்வேலி மூன்றுமே அந்தப் பட்டைக்குக் கீழே வருகின்றன.

எப்படி உண்டாகிறது? காலையில் சூரியனின் புறஊதாக் கதிர் மேல் வளிமண்டலக் காற்றை அயனியாக்குகிறது. சூட்டில் அந்தக் காற்று அசைகிறது. காந்தப் புலத்துக்குள் அயனிக் காற்று அசைந்தால் அது ஒரு டைனமோ. அதனால் பகலில் கிழக்கு நோக்கி ஒரு மின்புலம் பிறக்கிறது. உலகம் முழுக்க இது உண்டு. ஆனால் காந்தக் கோடு கிடைமட்டமாக இருக்கும் இடத்தில் மட்டும் எலக்ட்ரான்கள் மேல்நோக்கி நகர்ந்து குவிகின்றன. மேலேயும் கீழேயும் மின்சாரம் அதிகம் கடத்தாத அடுக்குகள் இருப்பதால் அந்தக் குவியல் கசிந்து வெளியேற முடிவதில்லை. குவிந்த மின்னூட்டம் செங்குத்தாக ஒரு வலிய மின்புலத்தை எழுப்புகிறது. அது எலக்ட்ரான்களை மேற்கே தள்ளுகிறது. எலக்ட்ரான் மேற்கே போனால் மின்னோட்டம் கிழக்கே. சாதாரண ஓட்டம் பல மடங்கு பெருகிவிடுகிறது.

கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்காது. தரையில் வைத்த காந்தமானிக்குத் தெரியும். நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் நாற்பதாயிரம் நானோடெஸ்லா அளவு. காலையிலிருந்து மெல்ல ஏறி, உச்சிப்பொழுதில் ஐம்பது, நூறு நானோடெஸ்லா கூடி, மாலையில் இறங்கிவிடும். தினமும் நடக்கிறது. நாம் சோறு உண்ண உட்காரும் நேரத்தில் அது உச்சத்தில் இருக்கிறது. இதைப் பள்ளிப் பாடத்தில் ஒரு பக்கமாவது வைக்க வேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன். துருவ ஒளியைப் பற்றிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத் தங்கள் தலைக்கு மேலே ஓடும் ஆற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததும் இதனால்தான். 1963 நவம்பர் 21 மாலை அங்கிருந்து கிளம்பிய முதல் ராக்கெட் சோடியம் ஆவியைக் கொண்டுபோய் மேலே தூவியது. அந்தி வானில் ஆரஞ்சு நிறத்தில் அது நீண்டு நெளிந்தது. அந்த நெளிவைப் படமெடுத்து அந்த உயரத்துக் காற்று எந்தத் திசையில், என்ன வேகத்தில் வீசுகிறது என்று கணக்கிட்டார்கள். காந்த நடுக்கோடு அன்றைக்குத் தும்பாவை ஒட்டிப் போனது. நிலையாக ஒரே இடத்தில் நிற்கும் கோடல்ல அது. பூமிக்குள்ளே உருகிய இரும்பு நகர நகர இதுவும் நகர்கிறது.

இரவு கொடைக்கானலில் நல்ல குளிர். மகா போர்வைக்குள்ளிருந்து, "அத்தை, இப்ப அந்தக் கரண்டு ஓடுதா?" என்று கேட்டாள். இல்லை, சூரியன் போனதும் அடங்கிவிடும் என்றேன். "பாவம், அதுவும் தூங்கட்டும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெள்ளி, சூரிய ஆய்வகம்

இன்றைய நாளுக்காகத்தான் வந்தோம் என்று சொல்ல வேண்டும்.

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏரியையும் கடைத்தெருவையும் விட்டு மேலே ஏறினால் யூகலிப்டஸ் வாசம், பழைய கற்கட்டடங்கள், வெள்ளைக் குவிமாடங்கள். இது இங்கே வந்ததற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தை நம் வீட்டுக் கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்போம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுடுகாடாக்கிய பஞ்சம். மதுரைச் சீமையும் தப்பவில்லை. மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி எழுந்தபோது, சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அறிவியலாளர்களிடையே வலுப்பெற்றது. சூரியனை நாள்தோறும் பார்க்க ஓர் ஆய்வகம் வேண்டும், தூசியில்லாத தென்னிந்திய மலையில் வேண்டும் என்று முடிவாயிற்று. வானியலாளர் மிக்கி ஸ்மித் பழனி மலையிலும் நீலகிரியிலும் அலைந்து பார்த்து இந்த இடத்தைத் தேர்ந்தார். 1895-ல் அடிக்கல். 1901-ல் பார்வைப் பணி தொடங்கிவிட்டது.

பஞ்சத்துக்கும் கரும்புள்ளிக்கும் அப்படி நேரான கணக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தேடலில் கிடைத்தது வேறு. 1904-லிருந்து சூரியனின் படங்கள் இங்கே சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வெள்ளொளியில் ஒன்று, கால்சியத்தின் ஊதா வரியில் (நிறமாலையில் அந்தத் தனிமத்துக்கே உரிய நிறக் கோடு) ஒன்று, 1912 முதல் ஹைட்ரஜனின் சிவப்பு வரியில் ஒன்று. முதலில் கண்ணாடித் தகடுகள், பிறகு படச்சுருள், இப்போது எண்ம வடிவம். ஒரே இடத்திலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் பதிவான சூரியன் உலகில் மிகச் சில இடங்களில்தான் உண்டு. துருவ ஒளியை ஆராய்கிறவர் நார்வேயில் இருந்தாலும் அலாஸ்காவில் இருந்தாலும், நூறு வருடத்துக்கு முந்தைய சூரியன் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் நம் மலையில் எடுத்த தகட்டைத் தேடி வருகிறார்.

ஆங்கிலேய வானியலாளர் ஜான் எவர்ஷெட் 1907-ல் இங்கே வந்து சேர்ந்தார். 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை நிறமாலை வரிகளின் சின்ன நகர்வில் கண்டுபிடித்தார். அவர் பெயரிலேயே எவர்ஷெட் விளைவு என்று இன்றைக்கும் எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அவருடைய மனைவி மேரியும் இங்கே சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளை ஆராய்ந்து எழுதியவர். அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், யாரும் சொல்வதில்லை.

அருங்காட்சியகத்தில் அந்த நிமிடத்துச் சூரியனை ஒரு திரையில் விழச்செய்து காட்டுகிறார்கள். பக்கத்திலேயே நிறமாலை, நடுநடுவே கறுப்பு வரிகளோடு. மகா அதன் முன்னே நின்றவள் நகரவில்லை. பிம்பத்தில் இரண்டு மூன்று கரும்புள்ளிக் கூட்டங்கள். 2024 மே மாதப் புயலுக்குக் காரணமான கூட்டம் பூமியின் விட்டத்தைப் போலச் சுமார் பதினைந்து மடங்கு அகலம் என்றேன். தன் சுண்டுவிரல் நுனியைத் திரையில் வைத்துப் பார்த்து, "இதுக்குள்ள நாம எங்க அத்தை?" என்றாள்.

இங்கே 1960-ஐ ஒட்டி அமைந்த கோபுரத் தொலைநோக்கி இருக்கிறது. பதினோரு மீட்டர்க் கோபுரத்தின் மேலே 60 சென்டிமீட்டர் கண்ணாடிகள் சூரியனைப் பின்தொடர்ந்து ஒளியைக் கீழே இறக்குகின்றன. தரைக்கு அடியில் அறுபது மீட்டர் நீளச் சுரங்கத்தில் அந்த ஒளி படுத்து ஓடி, முடிவில் 34 சென்டிமீட்டர் அகலச் சூரியனாக விரிகிறது. சூடான காற்று படத்தை நடுங்க வைக்கும் என்பதால் சுரங்கம்.

கரும்புள்ளியிலிருந்து துருவ ஒளி வரை உள்ள சங்கிலியை அந்தத் திரையின் முன்னே நின்றுதான் மகாவுக்குச் சொன்னேன். கரும்புள்ளி என்பது முறுக்கேறிய காந்தக் கோடுகள் வெளியே பிதுங்கும் இடம். முறுக்கு அறுந்து சேரும்போது தழல் வெடிக்கிறது. அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடத்தில் வந்துவிடும். அது அடிப்பது பகல் இருக்கும் பக்கத்தை. துருவத்தைத் தேடிப் போகாது. நமக்கு உச்சிவெயில் நேரம் என்றால் நம் தலைக்கு மேலே உள்ள கீழ் அயனிமண்டலம் கெட்டிப்பட்டு, சிற்றலை வானொலியை விழுங்கிவிடும். வெடிப்போடு கோடிக்கணக்கான டன் பிளாஸ்மாவும், அதாவது மின்னூட்டம் பெற்ற வாயுவும், கிளம்பினால் அது வந்து சேர ஒரு நாளோ இரண்டு மூன்று நாளோ ஆகும். அதுதான் காந்தப்புயல், அதுதான் துருவ ஒளி.

புயலின் அதிர்வு நம் பக்கம் வராமல் இல்லை. 1859 செப்டம்பர் 2 அன்று பம்பாய் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா சரிவைப் பதிந்தது. உலகம் அறிந்த மிகப் பெரிய காந்தப்புயல் எவ்வளவு பெரியது என்று கணக்கிட இன்றைக்கும் உதவுவது அந்த இந்தியக் கைப்பதிவுதான். வானில் ஒளி எதையும் பார்க்காமலே, பொழுதுக்குப் பொழுது அளவு குறித்து வைத்த கைகளுக்கு நான் கும்பிடு போடுகிறேன். கொடைக்கானலிலும் காந்த அளவீடு 1902-லேயே தொடங்கியது. 1950-களில் அயனிமண்டலத்துக்கு வானொலித் துடிப்பை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு உயரம் அளக்கும் கருவியும் சேர்ந்தது.

வெளியே வந்ததும் கடையில் சூடாக அவித்த வேர்க்கடலை. மகா பேசாமலே சாப்பிட்டாள்.

சனி, மன்னவனூர்

இன்று உலகின் வடமேற்கில் பகுதி சூரிய கிரகணம். இங்கே தெரியாது.

ஜீப் ஓட்டி வந்த தம்பி பூம்பாறைக்காரர். குழந்தை வேலப்பரைக் கும்பிட்டுவிட்டு, மலைப்பூண்டு ஒரு கட்டு வாங்கிக்கொண்டு, மாலை மன்னவனூர் போய்ச் சேர்ந்தோம். ஏரிக்கு மேலே உள்ள புல்மேட்டில் இருட்டுக்குக் காத்திருந்தோம். "ராத்திரில இங்க என்னம்மா பாக்கப் போறீங்க, நட்சத்திரமா?" என்றார் தம்பி. நட்சத்திரத்துக்கு நடுவே இருக்கும் இருட்டை என்றேன்.

ஏனென்றால் அந்த இருட்டு முழு இருட்டு இல்லை. 1868-ல் ஸ்வீடன் இயற்பியலாளர் ஆங்ஸ்ட்ராம் துருவ ஒளியின் பச்சை வரியை அளந்தார். துருவ ஒளி எதுவும் இல்லாத இரவிலும் அதே வரி வானம் முழுக்க மங்கலாக இருப்பதைக் கண்டார். வானொளிர்வு அது. பகலில் சூரியன் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உடைத்து வைக்கிறது. இரவில் அணுக்கள் திரும்பச் சேரும்போது மிஞ்சும் ஆற்றல் ஒளியாகிறது. சுமார் 97 கிலோமீட்டர் உயரத்தில் அதே 557.7 நானோமீட்டர்ப் பச்சை. டிரோம்சோவில் ஆடும் அதே அணு, அதே நிறம். அங்கே அதைத் தூண்டுவது இறங்கி வரும் எலக்ட்ரான், இங்கே நேற்றைய பகல். இது துருவத்துக்கு மட்டும் சொந்தமில்லை. எல்லா ஊருக்கும் எல்லா இரவும் உண்டு.

வடக்கே பழனி, உடுமலை விளக்குகள் அடிவானத்தை வெளுப்பாக்கியிருந்தன. அதனால் கேமராவை மேற்கே திருப்பினோம், அடிவானத்திலிருந்து பதினைந்து, இருபது பாகை உயரத்துக்கு. தலைக்கு மேலே பார்த்தால் அந்த அடுக்கு மெல்லியது. சாய்த்துப் பார்க்கும்போது பார்வை அதற்குள்ளே நெடுந்தூரம் போவதால் வெளிச்சம் கூடித் தெரியும். முப்பது வினாடித் திறப்பு. ஒயிட் பேலன்ஸைக் கையால் நிறுத்தி வைத்தோம், கேமரா தன் இஷ்டத்துக்கு நிறம் மாற்றக் கூடாது என்பதற்காக.

முதல் படத்தில் பால்வெளியின் பளிச்சென்ற மையப்பகுதி வரவில்லை, அது பின்னிரவில்தான் எழும். ஆனால் வானத்தின் கீழ்ப்பகுதியில் சாம்பலோடு கலந்த ஒரு பச்சை இருந்தது. ஊர் விளக்கின் சிதறலாக இருக்குமோ என்ற ஐயத்தைத் தீர்க்க, அதே கோணத்தில் ஒரு மணி நேரம் தொடர்ந்து எடுத்தோம். விளக்கு வெளிச்சம் நின்ற இடத்தில் நிற்கும். இந்தப் பச்சையில் அகன்ற பட்டைகள் இருந்தன, படத்துக்குப் படம் நகர்ந்தன. கீழிருந்து எழும் காற்றலைகள் அந்த உயரம் வரை போய் அடுக்கை அசைக்கின்றன. மகா படங்களை வேகமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "அத்தை, அலையடிக்குது!" அவள் குரலைக் கேட்டு ஜீப்பில் படுத்திருந்த தம்பியும் எழுந்து வந்து பார்த்தார். வெறும் கண்ணுக்கு நிறமாகத் தெரியாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இருநூற்றைம்பது கிலோமீட்டர் உயரத்தில் 630 நானோமீட்டர்ச் சிவப்பு ஒளிர்வும் உண்டு. அதைப் பிடிக்க வடிகட்டியும் முழுவானக் கேமராவும் வேண்டும். திருநெல்வேலிக்குப் பக்கத்தில் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் அந்த வேலையைச் செய்கிறது. அவர்கள் படங்களில் சில இரவுகளில் வடக்கு தெற்காக நீண்ட கறுப்புப் பட்டைகள் கிழக்கு நோக்கி நகரும். பிளாஸ்மா குமிழிகள். சூரியன் மறைந்ததும் அயனிமண்டலத்தின் அடிப்பகுதி சீக்கிரம் கரைகிறது, மேலே மட்டும் கனத்த பிளாஸ்மா தங்குகிறது. எண்ணெய்க்கு மேல் தண்ணீரை நிறுத்தி வைத்தது மாதிரி. அது நிலைக்காது. லேசானது குமிழியாகப் பொத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மேலே ஏறும். 1938-ல் ஹுவான்காயோவில் வானொலி எதிரொலி கலங்கலாகத் திரும்பியதை வைத்து இந்தக் கலக்கத்தை முதலில் எழுதினார்கள்.

இதுவும் காந்தக் கோடு படுத்துக் கிடக்கும் ஊர்களின் சொத்து. என் மனத்துக்கு இது துருவ ஒளியைவிடக் குறைந்ததில்லை.

ஞாயிறு, இறக்கம்

மதுரை வண்டியில் பக்கத்து இருக்கையில் பாம்பன்காரர் ஒருவர். மகள் கொடைக்கானலில் படிக்கிறாளாம், பார்த்துவிட்டுத் திரும்புகிறார். விசைப்படகில் இருபது வருஷம். மகாவின் மடியில் இருந்த படங்களைப் பார்த்து என்னவென்று கேட்டார். குமிழியைப் பற்றி அவள்தான் சொன்னாள். செயற்கைக்கோளிலிருந்து வரும் சமிக்ஞை அந்தக் குமிழியின் ஓரங்களைக் கடக்கும்போது நடுங்கும், ஜிபிஎஸ் கருவி சில செயற்கைக்கோள்களைப் பிடிக்க முடியாமல் விடும் என்று அவள் சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ராத்திரி எட்டு ஒம்பது மணிக்குச் சில நாள் கருவி ஆட்டம் காட்டும்மா. கம்பியக் கொறை சொல்லி மாத்திருக்கோம்."

உங்கள் கருவியில் நடந்தது இதனால்தான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, கம்பியும் கெட்டிருக்கலாம் என்றேன். ஆனால் நேரம் பொருந்துகிறது. பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து நள்ளிரவு வரை, மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம், கரும்புள்ளி பெருகியிருக்கும் இந்த மாதிரி வருடங்களில் இன்னும் அதிகம். இரண்டு அலைவரிசையில் வாங்கும் கருவியாக இருந்தால் அயனிமண்டலம் உண்டாக்கும் தாமதப் பிழையைத் தானே கணக்கிட்டு நீக்கிக்கொள்ளும். நடுக்கத்துக்கு அதுவும் முழு மருந்து இல்லை. நடு இரவில் எல்லைக் கோடு எங்கே என்று தெரிய வேண்டியவர்களுக்கு இந்த மாதக் கணக்கை வானிலை அறிக்கையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆராய்ச்சிக் கூடத்தில் தெரிந்திருப்பது படகுத்துறை வரை போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அவர் விரல்விட்டு எண்ணினார். "ஏப்ரல் 15-ல தடைக்காலம். அதுக்குள்ள பத்துப் பன்னெண்டு தடவ போவோம். பெறகு புரட்டாசி, ஐப்பசி. அந்த மாசத்துல கருவி ரெண்டு வச்சுக்கிட்டா ஆகுமா டீச்சர்?"

இரண்டுமே ஒரே வானத்தைத்தான் பார்க்கும் என்றாள் மகா. திசைகாட்டியைக் கழற்றிப் போடாமல் படகிலேயே வைத்திருங்கள், அந்த ஊசிக்குக் குமிழியைப் பற்றிக் கவலை இல்லை என்றேன் நான். அவர் வத்தலக்குண்டு வரை மாதங்களையும் நேரத்தையும் செல்பேசியில் குரலாகப் பதிந்துகொண்டே வந்தார், துறையில் மற்றவர்களுக்கு அனுப்ப.